வால்பாறைச் சாலைக்கு எது பொருந்தும்: கிரெட்டா டீசலா, கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடா?

வானதி, பொள்ளாச்சி

வணக்கம். ஹூண்டாய் கிரெட்டாவின் டீசல் ஆட்டோமேட்டிக்கா, மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிடா (பெட்ரோல் என்ஜினோடு, தனியாகவும் வண்டியை நகர்த்தக்கூடிய மின் மோட்டாரும் பேட்டரியும் கொண்டது) என்ற கேள்வியில் எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. கணவர் ஹைப்ரிட் பக்கம், தம்பி டீசல் பக்கம். வண்டியை அதிகம் ஓட்டப்போவது நான் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்து நிற்கிறது.

நான் கிணத்துக்கடவு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பொள்ளாச்சியிலிருந்து தினமும் போய்வர 40 கி.மீ. நான்கு வழிச் சாலை, நெரிசல் குறைவு. அவ்வப்போது கோவைக்குள் போக நேரும்; சுந்தராபுரத்தில் ஊர்ந்து, உக்கடம் மேம்பாலம் ஏறிப் போவேன். எல்லாம் சேர்த்து மாதம் 1,400 கி.மீ. அளவில் ஓடும். இந்தப் பகுதி எந்த வண்டிக்கும் பெரிய வேலை இல்லை.

வேலை இருப்பது வால்பாறைச் சாலையில்தான். அப்பா அங்கே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலிலும் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கீழே வந்து எங்களோடு தங்கிக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் தேயிலை வாசனையில் இருந்தவரைக் கட்டாயப்படுத்த எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே மருத்துவமனைக்கு அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பு. பொள்ளாச்சியிலிருந்து 64 கி.மீ. தூரம், ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அப்பாவுக்கு அந்த வளைவுகளில் தலை சுற்றும். எங்கள் பழைய சிறிய காரில் அட்டகட்டி வருவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி இறக்கிவிட வேண்டியிருக்கிறது. கூடவே மடக்கு நாற்காலி ஒன்று, நடப்பதற்கான வாக்கர் ஒன்று, ஊருக்குக் கொண்டுபோகும் அரிசி, காய்கறி எல்லாம் டிக்கியில் இருக்கும்.

காகிதத்தில் பார்த்தால் இந்த இரண்டையும் பிரித்து எடுக்க முடியவில்லை. நீளம் 4,330 மி.மீ., 4,345 மி.மீ. வீல்பேஸில், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில், 10 மி.மீ. வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே டயர் அளவு, 215/60 ஆர்17. குதிரைச் சக்தி இரண்டிலும் சுமார் 116. தரை இடைவெளியில் மட்டும் கிராண்ட் விட்டாரா 210 மி.மீ. என்று சற்று உயரம், கிரெட்டா 190. மைலேஜ் கணக்கில் ஹைப்ரிட் லிட்டருக்கு 27.97 கி.மீ. என்றும், டீசல் ஆட்டோமேட்டிக் 19.1 என்றும் சான்று பெற்றிருக்கின்றன. ஆய்வகத்து எண்கள் நம் சாலையில் எப்படி மாறும் என்பது ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

சன்ரூஃப், திரையின் அளவு, வண்ண விளக்கு பற்றி எனக்கு அக்கறை இல்லை. நீண்ட ஏற்றத்தில் எது திணறாமல் ஏறும், இறக்கத்தில் எது பிரேக்கைச் சூடாக்காமல் இறங்கும், முழங்கால் மடங்காத ஒருவர் எதில் சுலபமாக ஏறி உட்காருவார், எதில் தலைசுற்றல் குறையும்? மலைச் சாலையில் இவற்றை ஓட்டியவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


பாலாஜி, கோவை

வணக்கம் டீச்சர். 2023-இல் இருந்து கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் வைத்திருக்கிறேன். சாயிபாபா காலனியில் வீடு, சரவணம்பட்டியில் அலுவலகம். தினமும் சிக்னல் சிக்னலாக நின்று போகிற ஓட்டத்தில் 23, 24 கி.மீ. சாதாரணமாகக் கிடைக்கிறது. நெரிசலில் பாதி நேரம் என்ஜின் ஓடுவதே இல்லை, மோட்டார்தான் இழுக்கிறது.

இந்த ஹைப்ரிட் அமைப்பு டொயோட்டாவுடையது. 1997-இல் பிரையஸ் காரில் வந்த அதே வழிமுறை. இதன் கியர்பெட்டிக்கு உள்ள இ-சிவிடி என்ற பெயரைக் கேட்டதும் பெல்ட் தேய்ந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள்; இதில் பெல்ட்டே கிடையாது. ஒரு கிரக கியர் தொகுதி, இரண்டு மோட்டார்கள், அவ்வளவுதான். கிளட்ச் இல்லை, கியர் மாறும் அதிர்வு இல்லை. உங்கள் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: வண்டி ஒரே சீராக நகரும், முன்னும் பின்னும் குலுக்கிப் போடாது. என் மாமியார் பஸ் ஏறினாலே வாந்தி எடுப்பவர், இதில் கோத்தகிரி வரை வந்தார், ஒரு தொந்தரவும் இல்லை.

பேட்டரி பற்றிய பயமும் வேண்டாம். ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் இருக்கிறது.

செலவு: பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைப்ரிட் 22 கொடுத்தால் உங்கள் 1,400 கி.மீ.க்கு மாதம் சுமார் 6,500 ரூபாய். டீசல் ஆட்டோமேட்டிக் 16 கொடுத்தால் 8,100. மாதம் 1,600 ரூபாய் மிச்சம். அது 8 ஆண்டில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீண்ட ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் போடும். மூன்று சிலிண்டர் என்பதால் அந்தச் சத்தம் அழகாகவும் இருக்காது. வண்டி ஏறும், அதில் சந்தேகமில்லை. சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.


முருகேசன் பட்டறை, ஆனைமலை

வானதி டீச்சருக்கு வணக்கம். முப்பது ஆண்டுக்கு மேலாக மெக்கானிக் வேலை. வால்பாறை ஏறி இறங்கும் வண்டிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாலாஜி தம்பி சொன்னது கோவைக்குள் ஓடும் வண்டிக்கு முழுக்கச் சரி. உங்கள் ஓட்டம் வேறு.

குதிரைச் சக்தி இரண்டிலும் ஒன்று என்கிறீர்கள். மலை ஏற்றத்தில் நான் முதலில் பார்ப்பது இழுவிசையை (டார்க்). கிரெட்டா டீசல் 250 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது, அதுவும் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே தொடங்கி 2,750 வரை. அதாவது வளைவில் வண்டி மெதுவாகி, திரும்பி நிமிர்ந்து, மறுபடி ஏறத் தொடங்கும் அந்த இடத்தில் முழு பலமும் காலடியில் இருக்கும். என்ஜின் கத்த வேண்டியதில்லை. ஹைப்ரிடில் பெட்ரோல் என்ஜின் தனியாக 92 குதிரைச் சக்தி, 122 நியூட்டன் மீட்டர். மோட்டார் கூட நிற்கும்வரை நன்றாக இருக்கும். பேட்டரி இறங்கிய பிறகு மோட்டாருக்கு மின்சாரமும் அதே என்ஜின்தான் கொடுத்தாக வேண்டும்.

கிரெட்டாவில் கியர்பெட்டி விஷயத்தைக் கவனியுங்கள். டர்போ பெட்ரோலில் வருவது, இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் இரட்டை கிளட்ச். டீசலில் வருவது, எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும், 6 கியர் கொண்ட டார்க் கன்வர்ட்டர். ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று போக டார்க் கன்வர்ட்டர்தான் நிம்மதி, சூடாகித் தொல்லை தராது. டீசல் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் அந்தக் கவலை தானாகத் தீர்ந்தது.

இக்கால டீசல் வண்டியில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. தினமும் கடைத்தெருவுக்கு 3 கி.மீ. போய்வரும் வீட்டில் இது அடைத்துக்கொள்ளும். என்னிடம் வரும் டீசல் புகார்களில் பெரும்பங்கு இதுதான். கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள அந்த வடிகட்டிக்கு நல்ல சூடும், நிற்காத ஓட்டமும் வேண்டும். நான்கு வழிச் சாலையில் தினமும் 20 கி.மீ. ஒரே மூச்சில் போகிறவருக்கு அந்தப் பிரச்சினை வர வாய்ப்பு குறைவு.

மைலேஜிலும் தம்பியோடு எனக்கு மாறுபாடு உண்டு. கிணத்துக்கடவுச் சாலையில் 80-ல் சீராகப் போனால் இந்த டீசல் 18, 19 கொடுக்கிறது. ஹைப்ரிட் அதே சாலையில் 20, 21-க்கு இறங்கிவிடும், ஏனென்றால் அங்கே பிரேக் பிடிக்கவே வேலையில்லை, பேட்டரிக்குத் திரும்ப எதுவும் கிடைக்காது. தம்பி போட்ட விலையிலேயே கணக்குப் போட்டால் இரண்டும் மாதம் 7,000 ரூபாய் பக்கத்தில் வந்து நிற்கும். சர்வீஸில் டீசலுக்குக் கொஞ்சம் கூடும்: ஆயில் அதிகம், டீசல் ஃபில்டர் தனி. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

தலைசுற்றலுக்கு ஒரு வார்த்தை. அதில் பாதி வண்டியால் வருவது, பாதி ஓட்டுகிறவரால். பிரேக்கை வளைவுக்குள் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்ததும் ஒரே அளவில் இழுங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலை விதி. அதை நம்பி அவசரப்படாமல், வளைவு தெரியும் முன்பே ஹாரன் கொடுங்கள்.


வானதி, பொள்ளாச்சி

பாலாஜி அண்ணாவுக்கும் முருகேசன் ஐயாவுக்கும் நன்றி. நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்துவிட்டு இரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஐயா "பேட்டரி இறங்கிய பிறகு" என்றாரே, அது எப்போது இறங்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆழியாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர். வால்பாறைப் பக்கம் 1,100 மீட்டரைத் தாண்டும். ஏறத்தாழ 800 மீட்டர் ஏறுகிறோம். ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி 1,600 கிலோ என்று கொள்வோம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் தேவைப்படும் ஆற்றல், நிறை பெருக்கல் புவியீர்ப்பு பெருக்கல் உயரம், ஒன்றேகால் கோடி ஜூல். நம் வீட்டு மீட்டர் கணக்கில் மூன்றரை யூனிட். டயர் உராய்வு, காற்றுத் தடை எல்லாம் இதற்கு மேல்.

ஹைப்ரிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 0.76 யூனிட். அதையும் முழுவதும் காலியாக்க அமைப்பு விடாது. ஆகவே 40 வளைவில் முதல் சில வளைவுகளுக்கு மட்டுமே சேமித்த மின்சாரம் உதவும். மீதி மலை முழுவதையும் பெட்ரோல் என்ஜின்தான் ஏற்ற வேண்டும். அண்ணா கோத்தகிரியில் கேட்ட சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

இறக்கத்துக்கும் இதே கணக்கு. மூன்றரை யூனிட் ஆற்றல் கீழே வரக் காத்திருக்கிறது, பேட்டரியில் ஒரு யூனிட்டுக்குக்கூட இடமில்லை. பேட்டரி நிறைந்த பிறகு கியரை 'B' நிலையில் (வண்டியை நிறுத்தும்போது போடும் 'P' அல்ல) போட்டால் எரிபொருள் இல்லாமலேயே என்ஜினைச் சுழலவைத்து வேகத்தைப் பிடித்து நிறுத்தும் என்று கையேட்டில் படித்தேன். அது நல்ல ஏற்பாடு. பிரேக் சூடாகிப்போகும் பயம் இல்லை. ஆனால் இறக்கத்தில் கிடைப்பதையெல்லாம் சேமித்து மறுநாள் ஓட்டலாம் என்று என் கணவர் நம்பிக்கொண்டிருந்தது நடக்காது. இந்தக் கணக்கை அவரிடம் காட்டினேன். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, மலையில் சரி. கோவைக்குள்?" என்றார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

டிக்கியும் பின்னிருக்கையும் பற்றி யாராவது சொல்ல முடியுமா? ஹைப்ரிடில் டிக்கி 265 லிட்டர் என்றும், கிரெட்டாவில் 433 லிட்டர் என்றும் போட்டிருக்கிறது. லிட்டர் கணக்கில் ஒரு நாற்காலியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.


நர்மதா, உடுமலை

அக்கா, நான் சொல்கிறேன். எங்களிடம் இருப்பது டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட். கிராண்ட் விட்டாராவும் அதுவும் டொயோட்டாவின் பிடதி ஆலையில் ஒன்றாகத் தயாராகும் உடன்பிறப்புகள், டிக்கி அதே 265 லிட்டர். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலி இல்லாமல் நாங்கள் எங்கும் போவதில்லை.

பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் இருப்பதால் தரை உயர்ந்துவிடுகிறது. மடக்கிய நாற்காலியைப் படுக்கவைத்தால் மேலே உள்ள தட்டைக் கழற்ற வேண்டும். நிறுத்திவைத்தால் கதவு மூடாது. நாங்கள் பின்னிருக்கையில் சிறிய பகுதியை மடித்து, சக்கரத்தை அந்த இடைவெளிக்குள் தள்ளி வைக்கிறோம். அப்போது பின்னால் இருவர்தான் உட்கார முடியும். அம்மா, நான், கணவர் என்று மூவர் போவதால் எங்களுக்குக் குறையில்லை. வாக்கரும் அரிசி மூட்டையும் உண்டென்றால் நீங்கள் யோசிக்க வேண்டும். தரை உயரமாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு, நாற்காலியைத் தூக்கிவைக்க அதிகம் குனிய வேண்டியதில்லை.

உங்கள் கேள்வியில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. அப்பாவை ஏன் பின்னிருக்கையில் உட்காரவைக்கிறீர்கள்? முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவருக்கும் தலைசுற்றல் உள்ளவருக்கும் முன் இருக்கைதான் இடம். கதவு அகலமாகத் திறக்கும், இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொள்ளலாம், கண் முன்னால் சாலை தெரியும். வளைவு வருவது கண்ணுக்கு முன்பே தெரிந்தால் வயிறு கலங்காது என்று எங்கள் மருத்துவர் சொன்னார். அம்மா விஷயத்தில் அப்படியே நடந்தது.

ஏற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். காலை முதலில் உள்ளே வைக்கச் சொல்லாதீர்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் விளிம்பு தொடையில் படும்வரை பின்னால் வந்து, உட்கார்ந்த பிறகு இரண்டு கால்களையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். இருக்கைமேல் வழவழப்பான பட்டுத் துணி ஒன்றை விரித்தால் திரும்புவது எளிது. அவர் திரும்பி உட்கார்ந்ததும் அந்தத் துணியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வளைவில் வழுக்கும். இதற்கு இரண்டு வண்டியின் உயரமும் ஏற்றது. அப்பாவை நேரில் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.


கதிரவன், திருப்பூர்

இரண்டையும் விட்டுவிட்டு ஸ்கோடா குஷாக்கைப் பாருங்கள் என்பேன். 2022-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகுனும் 5 நட்சத்திரம் பெற்றன. அதே ஆண்டு சோதித்த அப்போதைய கிரெட்டாவுக்கு 3 நட்சத்திரம்தான். மலைச் சாலையில் குடும்பத்தோடு போகிறவர் இதை முதலில் பார்க்க வேண்டாமா?


வானதி, பொள்ளாச்சி

கதிரவன் தம்பி, நியாயமான கேள்வி. அந்த 3 நட்சத்திரம் 2024-இல் முகம் மாற்றிய கிரெட்டாவுக்கு முந்தைய வண்டிக்கு. இப்போது 6 ஏர்பேக் எல்லா வகையிலும் உண்டு. என்றாலும் நீங்கள் சொன்னதை நான் ஒதுக்கவில்லை. இந்த வகை வண்டி வாங்குகிற எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. குஷாக்கில் டீசலும் இல்லை, ஹைப்ரிடும் இல்லை. மாதம் 1,400 கி.மீ. டர்போ பெட்ரோலில் ஓட்ட எங்கள் சம்பளம் இடம் கொடுக்காது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கோவையில் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் ஒன்றை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். கிரெட்டா டீசல் என்னோடு பணிபுரியும் ஆசிரியை வீட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் அதை அவர்கள் அன்போடு கொடுத்தார்கள். இரண்டிலும் வால்பாறை போய், அப்பாவை முன் இருக்கையில் உட்காரவைத்துக் கீழே வந்து, மறுபடி மேலே கொண்டுபோய் விட்டேன். வாங்குவதற்கு முன் இப்படி ஒரு வழி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பதில் இதில் பத்தில் ஒரு பங்கும் தெரியாது.

ஹைப்ரிடில் ஆழியாறிலிருந்து ஏறத் தொடங்கியபோது பேட்டரி ஏறக்குறைய நிறைந்திருந்தது. ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்க்க எல்லோரும் நிறுத்துவார்களே, அந்த இடத்துக்கு வரும் முன்பே கோடுகள் கீழே இறங்கிவிட்டன. அதன் பிறகு, வால்பாறைக்கு முன்னால் வரும் கவர்க்கல் வரை என்ஜின் ஓயவில்லை. திணறவில்லை, பின்தங்கவில்லை, பஸ்ஸையும் முந்த முடிந்தது. ஆனால் காலை அழுத்தும்போது முதலில் சத்தம் ஏறுகிறது, பிறகுதான் வேகம் ஏறுகிறது. வாழ்நாள் முழுவதும் தேயிலை ரோலர் ஓடும் சத்தத்தைக் கேட்டே இயந்திரத்தின் நலம் அறிந்த அப்பா, அடுத்த நாள் என்னோடு மேலே திரும்பும்போது, "இதற்கு ஏன் இவ்வளவு பாரம் கொடுக்கிறாய்?" என்று கேட்டார். நான் கொடுத்தது பாதி ஆக்ஸிலரேட்டர்தான்.

கீழே இறங்கும்போது அதே வண்டி அருமை. என்ஜின் சத்தமில்லை, கண்ணாடியை இறக்கினால் காட்டின் சத்தம் கேட்கிறது, பிரேக் மென்மையாகப் பிடிக்கிறது. பாதி இறக்கத்தில் பேட்டரி நிறைந்து, 'B'-யில் போட்டதும் என்ஜின் உறுமத் தொடங்கியது. வேகம் கட்டுக்குள் இருந்தது. மலை ஏற்றம் இறக்கம் சேர்ந்த சராசரி 19-க்குச் சற்று மேல். கோவைக்குள் ஓட்டியபோது 24 காட்டியது. பாலாஜி அண்ணா சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

கிரெட்டா டீசலில் ஏறும்போது வேறுபாடு முதல் வளைவிலேயே கையில் தெரிந்தது. இரண்டாவது கியரில் திரும்பி நிமிர்ந்ததும் வண்டி தானாக முன்னே போகிறது, ஊசி 2,000 சுற்றைத் தாண்டவே இல்லை. கவர்க்கலில் பனி இறங்கி, முன்னால் போன லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்த இடத்தில் கால் வைத்து வைத்துப் போக வேண்டியிருந்தது. அங்கேயும் ஒரு உதறல் இல்லை. இறக்கத்தில் கியரைக் கையால் இரண்டில் நிறுத்திக்கொண்டேன். பிரேக்கை வளைவுக்கு முன் தொட்டதோடு சரி. ஐயா, நீங்கள் சொன்ன முறையில் ஓட்டியதில் அப்பா இரண்டு பயணத்திலும் ஒரு முறைகூட நிறுத்தச் சொல்லவில்லை. எந்த வண்டி என்பதைவிட, முன் இருக்கையும் ஓட்டும் முறையுமே அவர் தலைசுற்றலைக் குறைத்தன. நர்மதாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஏறி உட்காருவதில் அப்பாவுக்கு இரண்டுக்கும் பேதம் தெரியவில்லை. டிக்கியில் தெரிந்தது. கிரெட்டாவில் மடக்கு நாற்காலி படுத்தது, அதன்மேல் வாக்கர், பக்கத்தில் அரிசிப் பை, திரும்பும்போது அப்பா கொடுத்தனுப்பிய தேயிலையும் ஆரஞ்சும். எந்த இருக்கையையும் மடிக்கவில்லை.

ஆகவே கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக்கைப் பதிவு செய்துவிட்டோம். உச்ச வகையை எடுக்கவில்லை. சாலைக் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடும் வசதி, கோடே இல்லாத வளைவுகளில் எனக்கு என்ன செய்யும்? விலை ஏற ஏற வரியும் ஏறுகிறது: தமிழ்நாட்டில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையிலான காருக்கு சாலை வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். ஹைப்ரிடுக்கு வரி விலக்கு என்று கணவர் ஒரு காணொளியைக் காட்டினார். அது உத்தரப் பிரதேசம் 2024-இல் தன் மாநிலத்துக்கு அறிவித்தது. ஜிஎஸ்டியிலும் முன்பு ஹைப்ரிடுக்கு 43 சதவீதம், இந்த டீசலுக்கு 45 என்று சிறு சலுகை இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40 சதவீதம்தான்.

கோவைக்குள்ளேயே ஓட்டுகிறவராக நான் இருந்திருந்தால் தயங்காமல் ஹைப்ரிட் எடுத்திருப்பேன். கணவரிடமும் அதைச் சொன்னேன். அவர் இப்போது டெலிவரி நாளில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். ஐயா, நீங்களும் சொல்லுங்கள்.


பாலாஜி, கோவை

நல்ல முடிவு டீச்சர், மகிழ்ச்சி. அந்த மூன்றரை யூனிட் கணக்கை என் அலுவலக நண்பர்களுக்கும் காட்டினேன். ஊட்டிக்கு அடிக்கடி போகிற ஒருவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.


முருகேசன் பட்டறை, ஆனைமலை

வாழ்த்துகள் டீச்சர். பதிவு எண் வாங்குவதற்கு முன்பே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தயாரித்த மாதம் எது என்று கேளுங்கள். ஐந்து டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் 1,000 கி.மீ. வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், மலை ஏற்றத்தையும் முடிந்தால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். டிபிஎஃப் விளக்கு எப்போதாவது எரிந்தால் பயந்து என்ஜினை நிறுத்தாமல், நான்கு வழிச் சாலையில் 20 நிமிடம் 60-க்கு மேல் சீராக ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால் தள்ளிப்போடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

முக்கியமாக இன்னொன்று. உங்கள் பழைய கார் பெட்ரோல் என்றால் பழக்கத்தில் பங்கில் பெட்ரோல் குழாய்ப் பக்கமே வண்டியை விட்டுவிடுவீர்கள். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இறங்கி நின்று, ஊழியரிடம் "டீசல்" என்று வாய்விட்டுச் சொல்லி, குழாயைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரிடமும் தம்பியிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.